நீச்சலும் இளமையும்



கண்டி மாநகரை நீர் சூழ்ந்த நகரம் என்று சொன்னால் அது மிகையாகாது. மேற்கே பேராதனையையும் கெட்டம்பேயையும், வடக்கே கட்டுகஸ்தோட்டையையும், கிழக்கே லெவல்லையையும் தென்னக்கும்புறையையும் தொட்டு ஓடும் மகாவலி கங்கை, இந்நகரை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு செல்கின்றது. நகரின் நடுவிலோ, கண்டி அரசின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல் நிலத்தை நீர்நிலையாக்கி அமைத்த வாவி இருக்கின்றது. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய அம்மன்னன், தன் தேவியர் நீராடுவதற்கென்றே வாவியின் கரையில் ஒரு மண்டபத்தையும் கட்டுவித்தான். நகரைவிட்டு மலையேறினால் தோட்டந்தோறும் பீலிகள், பள்ளந்தோறும் ஓயாக்கள், மழை பெய்தால் பாறைதோறும் அருவிகள்.

இத்துணை நீர்வளம் இருந்தும், “உங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?” என்று இங்குள்ள பெற்றோரைக் கேட்டால், “தெரியாது” என்று சொல்வோர் பலர். “நீர்ப்பக்கமே போகக்கூடாது என்று கண்டித்து வைத்திருக்கிறோம்” என்று பெருமையோடு சொல்வோரும் உளர். அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. ஆற்றிலே பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம்மிடையே உண்டு. ஆயினும், அச்சம் ஒன்றே காவலாகுமா? நீரைக் கண்டு விலகியே வளர்ந்த பிள்ளை, ஒருநாள் தோழரோடு ஆற்றங்கரைக்குச் சென்று கால் இடறினால், அந்த அச்சம் அதைக் கரையேற்றுமா?

இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு, தேர்ந்த நீச்சல் வீரர் ஒருவர் எவ்வாறு உருவாகின்றார், அவருடைய இளமைப் பருவத்திலே எவை அவரை ஆக்குகின்றன என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

நீச்சல் தமிழருக்குப் புதிய கலை அன்று. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், கோலூன்றி நடக்கும் முதுமைப் பருவத்திலே, தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். அவர் நினைவுக்கு வருவது செல்வமோ பதவியோ அன்று. மரக்கிளையில் ஏறி ஆழமான மடுவிலே பாய்ந்து, அடியிலுள்ள மணலை அள்ளிவந்து காட்டிய சிறு பருவத்து விளையாட்டே அவர் நெஞ்சில் நிற்கின்றது. கரையிலே நின்றோர் வியந்து பார்த்தனர் என்பதையும் அவர் மறந்தாரல்லர். இதனுள் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. நீச்சல் திறன் முளைப்பது இளமையில். அது முளைப்பதற்கு நீர் பக்கத்தில் இருத்தல் வேண்டும். அதனைப் பார்த்து வியப்பதற்குக் கரையிலே மனிதர் இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்கு நமது காலத்துச் சான்றாக விளங்குபவர் வங்க நாட்டு வீராங்கனை ஆரத்தி சாஹா. 1959ஆம் ஆண்டிலே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்று உலகம் அவரை அறியும். ஆனால், அந்தப் புகழுக்கு முன்னே கிடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளே நமக்கு இன்று வேண்டியவை.

ஆரத்தி 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தார். இரண்டரை வயதிலேயே தாயை இழந்தார். பாட்டியின் வீட்டிலே வளர்ந்தார். செல்வக் குடும்பம் அன்று. ஹூக்ளி ஆற்றிலே சம்பாதலா என்னும் படித்துறைக்கு அவருடைய சிற்றப்பா குளிக்கப் போவார். நான்கு வயதுச் சிறுமியையும் கூட அழைத்துச் செல்வார். அங்கேதான் ஆரத்தி நீந்தக் கற்றார். விலையுயர்ந்த தடாகம் இல்லை; பயிற்சியாளர் இல்லை; படித்துறையும், பக்கத்திலே காவலாக நின்ற உறவினருமே இருந்தனர்.

நீரிலே இறங்கிய மகள் கரையேற மனமில்லாமல் திளைப்பதைத் தந்தை கவனித்தார். “பெண்பிள்ளைக்கு இது எதற்கு?” என்று அவர் தடுத்திருக்கலாம், அக்காலத்து வழக்கம் அதற்கு இடந்தந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஹாட்கோலா நீச்சற் கழகத்திலே மகளைச் சேர்த்தார். 1946ஆம் ஆண்டு, ஐந்து வயதிலே, 110 யார் நீச்சற் போட்டி ஒன்றில் ஆரத்தி முதலிடம் பெற்றார். 110 யார் என்பது ஏறத்தாழ 100 மீற்றர். ஐந்து வயதுக் குழந்தை நிலத்திலே அத்தூரம் ஓடுவதே நமக்கு வியப்பாக இருக்கும். நீரிலே கடந்தது எத்துணைப் பெரிது!

அவரைக் கண்டெடுத்தவர்களுள் முதன்மையானவர் சச்சின் நாக். 1951ஆம் ஆண்டு டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவிலே 100 மீற்றர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்ற வீரர் அவர். தாம் நீந்தி வென்றதோடு அமையாது, ஒரு சிறுமியின் கை கால் வீச்சிலே நாளைய வீராங்கனையைக் கண்டு, அவளைப் பழக்குவதற்குத் தம் நேரத்தைக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற தேசியப் போட்டியிலே, சிறுமியான ஆரத்தி பதக்கங்கள் பெற்றார். 1951இல் 100 மீற்றர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் முடித்து, அகில இந்தியச் சாதனையைத் தமதாக்கிக் கொண்டார்.

நேயர்களே, இவ்விடத்திலே சற்று நின்று, இத்தகைய வெற்றிக்கு இளமைப் பயிற்சி ஏன் இன்றியமையாதது என்று பார்ப்போம்.

நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது. ஆகவே நீந்துவோன் ஒவ்வோர் அடி முன்னேறுவதற்கும் அந்த அடர்த்தியைப் பிளந்துகொண்டு செல்ல வேண்டியவனாகின்றான். அவன் தன் வேகத்தை இருமடங்காக்க விரும்பினால், நீர் கொடுக்கும் தடை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்கின்றது. அதனாலேதான், வலிமையை மட்டும் நம்பி நீரை அடித்துத் துவைப்பவன் விரைவிலே களைத்துப் போகின்றான். உடலை நேராக நீட்டி, தலையைத் தாழ்த்தி, மீன்போல வழுக்கிச் செல்லக் கற்றவன் குறைந்த முயற்சியில் கூடிய தூரம் செல்கின்றான். நீச்சலிலே உடல் வலிமைக்கு முன்னே நிற்பது உடல் அமைதி.

இந்த அமைதியைச் சொற்களாலே கற்பித்தல் அரிது. நீரை நம்புவதற்குக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, முதலில் முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை மெல்ல மெல்லக் குமிழிகளாக வெளியே விடப் பழகுகின்றது. பின்னர், நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தால் நீர் தன்னைத் தாங்கும் என்பதைத் தன் உடலாலே அறிகின்றது. அதன்பின்னரே கால் உதைப்பு. அதன்பின்னரே கை வீச்சு. இறுதியிலே இவையனைத்தையும் மூச்சோடு பொருத்துதல். ஆரத்தி தேர்ந்தெடுத்த மார்பு நீச்சலிலே, தவளைபோலக் கால்களை மடக்கி உதைப்பதே பெரும்பாலான உந்துதலைத் தருகின்றது. உதைத்த பின்னர் உடல் நீண்டு வழுக்கும் அந்தக் கணநேரத்தை எவ்வளவு நீட்டுவது, அடுத்த உதைப்பை எப்போது தொடங்குவது என்பது கணக்கினால் வருவதன்று. பல்லாயிரம் முறை செய்து உடம்பிலே ஊறுவது. மொழியைத் தாய்மடியிலே கற்றவன் பேசுவதற்கும் முதுமையிலே ஏட்டில் கற்றவன் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு நீச்சலிலும் உண்டு.

ஆனால், இளமையிலே தொடங்குதல் வேறு, இளமையிலே பிழிந்தெடுத்தல் வேறு. சிறு பிள்ளைக்கு நீச்சல் விளையாட்டாகவே இருத்தல் வேண்டும். தூரத்தையும் வேகத்தையும் தலையிலே சுமத்துவதற்குக் காலம் உண்டு. கடிகாரத்தைப் பிள்ளையின் முன்னே வைப்பதற்குமுன், நீரின் மீது அன்பை வைத்தல் வேண்டும்.

மீண்டும் ஆரத்தியின் வரலாற்றுக்கு வருவோம். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரிலே ஒலிம்பிக் விழா நடைபெற்றது. அதில் இந்தியாவின் சார்பிலே 200 மீற்றர் மார்பு நீச்சலுக்கு ஆரத்தி சென்றார். அப்போது அவருக்கு வயது பதினொன்று. முதற்சுற்றிலே அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40.8 விநாடி. அந்தப் போட்டியை இறுதியிலே வென்ற ஹங்கேரி நாட்டு வீராங்கனை ஏவா செக்கேயின் நேரம் 2 நிமிடம் 51.7 விநாடி. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 49 விநாடி. தன் நாட்டிலே முதல்வராக நின்ற சிறுமி, உலகத்தின் முன்னே மிகப் பின்னே நின்றார்.

ஊர் திரும்பிய பின்னரும் ஒரு தோல்வி காத்திருந்தது. 100 மீற்றர் கட்டில்லா நீச்சலிலே தம் சொந்தத் தங்கையான பாரதியிடமே அவர் தோற்றார். இளமையிலே புகழ் பெற்ற பிள்ளைகள் பலர் இத்தகைய இடத்திலேதான் உடைந்து போகின்றனர். “என்னிடம் திறமை இருந்தது, அது போய்விட்டது” என்று எண்ணி ஒதுங்கி விடுகின்றனர். ஆரத்தி ஒதுங்கவில்லை. பலவற்றிலும் கைவைப்பதை விட்டு, மார்பு நீச்சல் ஒன்றிலேயே மனத்தை ஊன்றினார்.

1958ஆம் ஆண்டிலே டாக்கா நகரத்து வீரர் பிரோஜன் தாஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதே ஆண்டு மிஹிர் சென் அதனைக் கடந்த முதல் இந்தியரானார். ஆரத்தியின் உள்ளத்திலும் அந்த ஆவல் பிறந்தது. கடலுக்குப் போகுமுன் அவர் பழகிய இடம் எது தெரியுமா? கல்கத்தாவிலே தேசபந்து பூங்காவின் குளம். அந்தக் குளத்திலே பல மணிநேரம், ஒருமுறை 16 மணிநேரம், இடைவிடாது நீந்தினார். பயணச் செலவுக்குப் பணமில்லை. நண்பர்கள் திரட்டினர், மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த பிதான் சந்திர ராய் உதவி செய்தார், பிரதமர் நேருவும் ஊக்கமளித்தார்.

1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் முதல் முயற்சி. வழிகாட்டும் படகு நேரந்தாழ்த்து வந்தது. கரை கண்ணுக்கெட்டிய நிலையிலே எதிர்நீரோட்டம் மிகுந்தது. அவர் கைவிட நேர்ந்தது. அடுத்த மாதம் 29ஆம் நாள், பத்தொன்பது வயது நிறைந்து ஐந்தாம் நாளிலே, பிரான்சின் கிரி நே முனையிலிருந்து மீண்டும் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்துக் கரையில் ஏறினார். 1960இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1994இல் அவர் காலமானார்.

இந்த வாழ்க்கையைப் பார்ப்போர் பலர் கால்வாயையே பார்ப்பர். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது படித்துறையை. சிற்றப்பாவின் கை பிடித்து அந்தச் சிறுமி படித்துறைக்குப் போயிராவிட்டால், ஆரத்தியின் திறமை அவருக்கே தெரியாமல் அவரோடு மறைந்திருக்கும். திறமை இல்லாத பிள்ளை என்று நாம் கருதும் எத்தனையோ பிள்ளைகள், நீரை ஒருநாளும் தொடாத பிள்ளைகளாக இருக்கலாமன்றோ?

திறமை வெளிப்பட்ட பின்னரும் கவலை தீர்வதில்லை. இதற்குச் சான்றாக நம் காலத்துத் தமிழ்ச் சிறுவர் ஒருவரைச் சொல்லலாம். அவர் சென்னையைச் சேர்ந்த குற்றாலீசுவரன். 1981இல் பிறந்த அவர், 1994ஆம் ஆண்டிலே, பன்னிரண்டு வயதுப் பாலகனாக, நம் நாட்டின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அதே ஆண்டிலே ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஓராண்டிலே ஆறு கடற்பகுதிகளை நீந்தி, 1966இல் மிஹிர் சென் ஐந்து கடற்பகுதிகளை நீந்திச் செய்த சாதனையை விஞ்சினார். 1996இல் இந்திய அரசின் அர்ச்சுனா விருது பெற்றார். தமிழுலகமெங்கும் அவர் பெயர் வீட்டுப் பெயராயிற்று.

அதன்பின் என்ன நேர்ந்தது? நீண்ட தூர நீச்சலுக்குப் படகு வேண்டும், உடன்வருவோர் வேண்டும், பிரயாணச் செலவு வேண்டும். மாலையிட்டவர் பலர், தொடர்ந்து பொருளுதவி செய்ய முன்வந்தவர் போதவில்லை. அவர் பொறியியற் கல்வியை நாடிச் சென்றார். கல்வியை நாடியது குறையன்று, நல்ல காரியமே. ஆனால், இரண்டையும் ஏற்று நடத்தும் வாய்ப்பை ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்காமல் விட்டோமே என்பதுதான் சிந்திக்கத் தக்கது. பிள்ளையின் திறமையைக் கொண்டாடுவதற்கு ஒரு நாள் போதும். காப்பாற்றுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

இனி, நம் நாட்டை நோக்குவோம். ஈழத்துத் தமிழரிடையே நீச்சலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் எவை? தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டிலே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து வழிகாட்டினார். வல்வெட்டித்துறையிலே 1943இல் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தன், 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் 51 மணிநேரத்திலே நீந்தி, ‘ஆழிக்குமரன்’ என்று மக்களால் அழைக்கப்பெற்றார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோதே அவர் உயிர் நீத்தார். இவ்விருவரும் வடகரையைச் சேர்ந்தவர்கள். வாசலிலே கடல்; வீட்டிலே கடலோடிகளின் கதை; தெருவிலே நீந்தத் தெரிந்த அண்ணன்மார். கல்கத்தாப் படித்துறை ஆரத்திக்குச் செய்ததை, வடமராட்சிக் கடற்கரை இவர்களுக்குச் செய்தது.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. திறமைக்கு இம்மண்ணிலே பஞ்சம் இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவிலே 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்த டங்கன் வைற், கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். ஓடுவதற்கு மைதானமும், பார்ப்பதற்கு ஆசிரியரும் இருந்தமையால் அவருடைய கால்கள் உலகறிந்தன. நீந்துவதற்கு இடமும் பார்ப்பதற்கு ஆளும் இருந்தால், இம்மலைநாட்டுக் கைகளும் உலகறியும்.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். கண்டி வாவி அழகுக்கு உரியது, நீராடுவதற்கு உரியதன்று. மகாவலி கங்கையோ தாயைப் போன்றது. ஆனால், அதன் குணம் ஒருநாள் இருந்ததுபோல் மறுநாள் இராது. மலையுச்சியிலே மழை பெய்தால், வானம் வெளித்திருக்கும் கண்டியிலும் வெள்ளம் வந்து சேரும். மணல் அள்ளிய இடங்களிலே கரையோரத்திலேயே ஆழக் குழிகள் இருக்கும். 1976ஆம் ஆண்டிலே பொல்கொல்லையில் அணை கட்டி நீரை மாத்தளைப் பக்கமாகத் திருப்பிய பின்னர், ஆற்றின் ஓட்டமும் ஆழமும் முன்னைய தலைமுறையினர் அறிந்தவாறு இல்லை. யானைகளை நீராட்டும் துறையெனப் பெயர்பெற்றிருந்த கட்டுகஸ்தோட்டையிலே பாட்டனார் நீந்திய கதையை நம்பி, பேரன் இறங்குதல் ஆகாது. ஆகவே, பிள்ளைகளை ஆற்றிலே தள்ளிவிட்டால் தானே நீந்தக் கற்பார்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க.

நகரிலே நீச்சல் தடாகமுடைய பாடசாலைகள் சில உள. அவற்றிலே பயில வாய்ப்புடைய பிள்ளைகள் நற்பேறு பெற்றவர்கள். அவர்களுள் திறமை மிக்கோர் விடியற்காலையிலே, மலைப்பனி விலகுமுன் குளிர்ந்த நீரிலே இறங்கிப் பயின்று, பின்னர் 115 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குச் சென்று போட்டியிடுகின்றனர். அவர்களை வாழ்த்துவோம். ஆனால், அந்தத் தடாகங்களின் மதிலுக்கு அப்பால் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! தோட்டத்து லயங்களிலே பீலித்தண்ணீரிலன்றி வேறு நீரிலே முழுகியறியாத பிள்ளைகள், சிறு பாடசாலைகளிலே மைதானமே இல்லாத பிள்ளைகள், வயது வந்ததும் நீர்விளையாட்டு முற்றாக நிறுத்தப்படுகின்ற பெண்பிள்ளைகள், இவர்களுக்குப் படித்துறை எங்கே?

இவ்வினாவுக்கு விடை மிகுந்த செலவில்தான் கிடைக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. ஆரத்தி பிறந்த வங்க மண்ணின் மறுபாதியான வங்காளதேசத்திலே நடைபெற்ற ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அங்கே கிராமந்தோறும் குளங்கள். அவற்றிலே மூழ்கி இறக்கும் குழந்தைகளோ மிகப் பலர். அந்நாட்டிலே சிலர், ஊர்க்குளத்தின் ஒரு பகுதியிலே மூங்கிலால் தளமும் வேலியும் அமைத்தனர். பிள்ளையின் மார்பளவுக்கு மேல் ஆழம் இராதபடி அடித்தளத்தை மூங்கிலாலேயே பரப்பினர். அந்தந்த ஊராரிலே ஒருவரைப் பழக்கி ஆசிரியராக்கினர். 25 மீற்றர் நீந்துதல், நீரிலே மிதந்து நிற்றல், விழுந்தவரைக் கரையிலிருந்தே காப்பாற்றுதல் ஆகியவற்றைச் சிறுவர்க்குக் கற்பித்தனர். அவ்வாறு கற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாதல் பெரிதும் குறைந்துவிட்டதென்று ஆய்வாளர் கண்டனர். தடாகத்துக்குப் பளிங்கும் பீங்கானும் கட்டாயம் இல்லை. மூங்கிலும் மனமும் போதும். பேராதனைப் பூங்காவின் ஆற்றோரத்தில் வானளாவி நிற்கும் மூங்கிற் புதர்களைப் பார்த்தவர்களுக்கு, மூங்கில் நமக்கு அரிய பொருளன்று என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டிலே உலகமெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப்பாதுகாப்பும் கற்பிக்கப்படவேண்டுமென்று அந்நிறுவனம் வற்புறுத்துகின்றது. அதற்கும் குறைந்த வயதுடையோரை நீரோரத்திலே கண்ணிமை காப்பதுபோற் காத்தலே வழி. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று நம்பி இருத்தல் வேண்டா. பெரும்பாலும் அது ஓசையின்றியே அமிழ்ந்துவிடும். மூழ்குபவரைக் கண்டால், பயிற்சியில்லாதவர் உடனே பாய்தலும் ஆகாது. கயிறோ, நீண்ட மூங்கிலோ, வெறும் பிளாஸ்டிக் கலனோ எறிந்து பற்றிக்கொள்ளச் செய்தல் வேண்டும். இவையும் நீச்சற் கல்வியின் பகுதியே.

ஒரு பாடசாலையிலே நூறு பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிக்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவரோ இருவரோ போட்டியிலே சிறந்து விளங்கலாம். ஒருவருமே விளங்காமலும் போகலாம். அதனால் நம் உழைப்பு வீணாகுமா? ஒருபோதும் ஆகாது. வீரராகாத பிள்ளையும் தன் உயிரைத் தானே காக்கும் வல்லமை பெற்றவராகின்றார். வேறு எந்த விளையாட்டிலே தோற்றவனுக்கு இவ்வளவு பெரிய பரிசு கிடைக்கின்றது? பந்தாட்டத்திலே தோற்றவன் பந்தாட்டத்தையே கற்றான். நீச்சலிலே கடைசியாக வந்தவனோ வாழ்வதற்குக் கற்றான். அதுமட்டுமன்று. நூறு பேரையும் நீரிலே இறக்கினாலன்றி, அந்த நூற்றுள் ஒருவர் யாரென்று நமக்குத் தெரியப்போவதும் இல்லை. உயிரைக் காப்பதற்குரிய வழியும் வீரரைக் கண்டெடுப்பதற்குரிய வழியும் இங்கே ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

ஆதலின், தாய்மாரே, தந்தைமாரே, உங்கள் பிள்ளைகளை நீரினின்று விலக்குவதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். நல்ல இடத்திலே, நீந்தத் தெரிந்த பெரியவரின் காவலிலே, அவர்கள் நீரோடு பழகுவதற்கு வழிதேடுங்கள். மகனுக்குத் தேடும் வழியை மகளுக்கும் தேடுங்கள். பெண்பிள்ளைகள் கூச்சமின்றிப் பயிலுவதற்குத் தனி வேளையும் பெண் ஆசிரியரும் வேண்டுமென்று கேட்பது நியாயமே, கேளுங்கள். தடாகமுடைய பாடசாலைகளின் அதிபர்களே, விடுமுறை நாட்களிலேனும், கிழமைக்கு ஒரு பொழுதேனும், அயற்பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் உங்கள் கதவைத் திறந்துவிடுங்கள். ஊர்ப் பெரியோர்களே, வாலிபர் சங்கத்தாரே, உங்கள் பகுதியிலே ஆழமும் ஓட்டமும் இல்லாத தூய நீர்நிலை எதுவென்று ஆராய்ந்து, மூங்கில் வேலியிட்டு ஒரு கற்குமிடம் அமைக்க முடியுமா என்று கூடிப் பேசுங்கள்.

பயிற்சியாளர்க்கும் ஒரு சொல். எட்டு வயதிலே வென்ற பிள்ளையைப் பன்னிரண்டு வயதிலே தோற்றதற்காகக் கைவிடாதீர்கள். பதினொரு வயதிலே ஹெல்சிங்கியில் பின்தங்கிய சிறுமியைச் சுற்றியிருந்தோர் கைவிட்டிருந்தால், பத்தொன்பது வயதிலே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த நங்கையை உலகம் கண்டிராது. வளரும் பிள்ளையின் உடல் ஆண்டுக்காண்டு மாறுகின்றது. நேற்றுப் பொருந்திய வீச்சு இன்று பொருந்தாமற் போகின்றது. அந்தக் காலத்திலே பிள்ளைக்கு வேண்டுவது கடிந்துரை அன்று, பொறுமை.

நேயர்களே, மகாவலி கங்கை இந்நகரைச் சுற்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றது, இனியும் ஓடும். அதன் கரையிலே வாழும் நம் பிள்ளைகள் அதனைக் கண்டு அஞ்சியே வளர்வதா, அறிந்து வளர்வதா என்பது நம் கையிலேதான் இருக்கின்றது. அறிந்து வளர்வார்களாயின், அவர்களுள் ஒருவர் என்றோ ஒருநாள் உலக அரங்கிலே முதலாவதாகக் கை தொட்டு நிற்கக்கூடும். அந்நாள் வரத் தாமதித்தாலும், மாலையிலே பாடசாலை விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் வீடு வந்து சேர்வார்கள். அதனினும் பெரிய வெற்றி ஒரு நகருக்கு வேறு யாது?